மூன்று மணிக்குச் சீல்

அத்தியாயம் 6

இரண்டாம் மாடியிலிருந்து பறந்து வந்த செருப்பு ஏலத்தின் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது.

"ஒத்தைச் செருப்பு," என்றான் ஏலம், குனிந்து பார்த்து. "இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மெதுவா பேசுடா," என்றார் அவன் அக்காள் புருஷன்.

"மெதுவாத்தான் மாமா பேசறேன்."

இன்னொரு செருப்பும் வந்தது. ஏலம் இரண்டையும் எடுத்து அளவு பார்த்தான்.

பதினைந்து வருடம் ஏலக்கடையில் நின்று கூவியவன்; பெயர் வந்ததும் அதனால்தான். அவன் ரகசியம் பேசினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். அக்காள் புருஷனிடம் உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அந்தத் தொண்டை அடங்கவில்லை. அக்காள் புருஷனுக்கு ஊரில் 'கிளைம்' என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம், யாருக்கு எதற்காகப் பணம் தர முடியாது என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலை. வேலை போய், இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். பெயரும் புத்தியும் அப்படியே இருந்தன.

திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை. தெருவின் இரு பக்கமும் நான்கு மாடிக் கட்டடங்கள். எல்லா ஜன்னலிலும் மரக்கதவு சாத்தி, உள்ளே கறுப்புத் துணி. இங்கே குடியிருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மில்லில் இரவு ஷிப்ட். விடிந்த பிறகு வீடு திரும்பி, உலகம் விழித்திருக்கும்போது தூங்க வேண்டியவர்கள். பகலில் தூங்குகிறவனுக்கு அயலார் எல்லோரும் எதிரிகள். பால்காரன் எதிரி, காக்காய் எதிரி, பெற்ற பிள்ளை எதிரி.

அதற்காகத்தான் தெருமுனையில் நகராட்சி பலகை வைத்திருந்தது. காலை எட்டு முதல் பிற்பகல் மூன்று வரை உறங்கும் நேரம். ஜன்னலோரத்தில் அறுபது டெசிபலைத் தாண்டும் எந்தச் சத்தமும் குற்றம். ஹாரன் கூடாது. கூவி விற்கக் கூடாது. மூன்று முறை குற்றம் செய்யும் தொழிற்கூடத்துக்குப் பூட்டு. பத்து வருடத்துக்கு மறு உரிமம் கிடையாது.

"கூவி விற்கக் கூடாதாம்," என்றான் ஏலம். "என் போட்டோவையும் ஒட்டியிருக்கலாம்."

தகரப் பட்டறை தெருவின் நடுவில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வாளி, புனல், எண்ணெய்ப் பீப்பாய், ஒலிபெருக்கிக்கான கூம்புக் குழாய் எல்லாம் அங்கே தகட்டை அடித்துச் செய்வார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர். கிளைமைக் கூப்பிட்டது சின்னவர். பாதி இறக்கிய ஷட்டருக்குள் அவர்களை இழுத்து, மூச்சை அடக்கிப் பேசினார்.

"இன்னைக்கு மூணு மணிக்கு ஒலி அலுவலர் வந்து சீல் வைக்கப் போறாரு சார். முதல் ரெண்டு குத்தம் எங்க மேலதான். அவசர ஆர்டர், பத்து நிமிஷம் முன்னாடியே அடிக்க ஆரம்பிச்சுட்டோம். ஆனா மூணாவது நாங்க இல்லை. வியாழக்கிழமை பத்தரைக்கே பூட்டிட்டு நானும் அண்ணனும் நகராட்சி ஆபீஸ் போயிட்டோம்."

"எதுக்கு?"

"லைசென்ஸ் வேலை," என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தாவினார். "பதினொன்னு இருபதுக்கு உள்ள தகரம் அடிக்கற சத்தம் வந்துச்சுன்னு மூணாம் மாடி அம்மா போன் பண்ணியிருக்கா. பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு அலுவலர் வந்து அவ ஜன்னல்ல மீட்டர் வச்சுப் பாத்தாரு. எண்பத்தி நாலு. கீழ வந்தா ஷட்டர் பூட்டியிருக்கு, உள்ள அடி விழுந்துட்டே இருக்கு."

"நீங்க ஆபீஸ்ல இருந்ததுக்குச் சாட்சி இருக்கே. அது போதாதா?"

"விதி அப்படி இல்லை சார். யாரு அடிச்சாங்கன்னு கேக்காது. எங்கிருந்து வந்துச்சுன்னுதான் கேக்கும். வெளியாள் பண்ண வேலைன்னு நிரூபிச்சாத்தான் தப்பிக்கலாம். அந்தம்மா பொய் சொல்றா சார்."

"மீட்டரும் பொய் சொல்லுதா? தெருவே எந்திரிச்சிருக்கு. சாவி எத்தனை?"

"ரெண்டு. என்கிட்ட ஒண்ணு, அண்ணன்கிட்ட ஒண்ணு. பூட்டை யாரும் உடைக்கலை." சின்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வேற கைத்தொழில் தெரியாது சார். இது போனா நாங்க தெருவுல."

மூலையில் பெரியவர் மரக்கட்டையில் உட்கார்ந்து, வாளியின் அடிப்பாகத்துக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உறங்கும் நேரத்தில் பட்டறையில் செய்யக்கூடிய ஒரே சத்தமில்லாத வேலை. வந்தவர்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அண்ணே, வணக்கம். வாளி ஒழுகாம இருக்குமா, உங்க தம்பி கண்ணு மாதிரி ஒழுகுமா?" என்றான் ஏலம்.

ஈயக் கம்பி நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது.

"இந்தத் தெருவுலயே விதியை ஒழுங்கா மதிக்கறவர் இவர்தான் மாமா."

"அண்ணன் யார்கிட்டயும் பேச மாட்டார். சுபாவம் அப்படி," என்று சின்னவர் குறுக்கே வந்து நின்றார்.

*

மூன்றாம் மாடிக் கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. நடுவில் ஒரு கண். அதில் தூக்கமும் கொலைவெறியும் பாதிப்பாதி.

"மணி என்ன தெரியுமா?"

"ஒண்ணேகால்," என்றார் கிளைம்.

"எனக்கு இது நடுச்சாமம். பட்டறைக்காரன் அனுப்பினானா? போய்ச் சொல்லுங்க, சீல் வைக்கறப்ப நான் கீழ வந்து நின்னு கை தட்டுவேன். மூணு மணிக்கு மேல தட்டலாம், விதி இருக்கு."

"ஒரே ஒரு கேள்வி. வியாழக்கிழமை சத்தம் கேட்டதும் முதல்ல என்ன பண்ணீங்க?"

"எந்திரிச்சேன். இவரை எழுப்பலாம்னு பாத்தா படுக்கைல ஆளையே..." அந்தக் கண் சட்டென்று சுருங்கியது. "போன் பண்ணேன். அவ்வளவுதான்."

"படுக்கைல ஆள் இல்லையா? எங்க போயிருந்தாரு?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

உள்ளேயிருந்து ஒரு ஆண்குரல் கெஞ்சியது. "சொல்லிடாதே!"

ஏலம் தொண்டையைச் செருமினான். மாடிப்படி முழுக்க அது உருண்டு இறங்கியது. "மாமா, இதே கேள்வியை நான் ஒரு தடவை கேக்கட்டுமா? என் குரல்ல?"

எதிர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். சங்கிலி கழன்றது.

உள்ளே இருட்டில் பனியனோடு ஒரு பருத்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மில்லில் பாய்லர் பார்ப்பவர். குற்றவாளிகள் பலரைக் கிளைம் பார்த்திருக்கிறார். இவ்வளவு கூனிக்குறுகிய ஒருவரைப் பார்த்ததில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பொண்ணைக் கூட்டிட்டு வர."

"பதினொன்றரைக்கா?"

"மூணுன்னு நினைச்சுட்டேன்."

"அப்பா வந்து வாசல்ல கத்தறார்னு கிளாஸ் பூரா சிரிச்சிருக்கு," என்றாள் மனைவி. "நாலு நாளா பொண்ணு இவர்கிட்ட பேசலை. இதை எழுதி பேப்பர்ல போடுங்க."

"கடிகாரம் பாக்கலையா?" என்று கேட்டார் கிளைம்.

"ஒம்போது வருஷமா பாத்ததில்லை. இந்த ரூம்ல எப்பவும் ஒரே இருட்டு. மூணு மணிக்கு மில் சங்கு ஊதும். எந்திரிப்பேன், மூஞ்சி கழுவுவேன், கண்ணைப் பாதி மூடிக்கிட்டே நடப்பேன். காலுக்கு வழி தெரியும்."

"வியாழக்கிழமை சங்கு ஊதுச்சா?"

பாய்லர்காரர் மனைவியைப் பார்த்தார். "ஊதுச்சு. சத்தியமா ஊதுச்சு. கனவுன்னு இவ சொல்றா."

"கனவு இல்லாம? மில்லுக்கே போன் பண்ணிக் கேட்டாரு. பதினோரு மணிக்கு எவன்யா சங்கு ஊதுவான், தூக்க மாத்திரை மாத்துன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு டமடமன்னு தகரம் மட்டுந்தான் கேட்டுச்சு."

"உங்களைத் தகரம் எழுப்புச்சு. அதுக்கு முன்னாடியே இவரைச் சங்கு எழுப்பிடுச்சு," என்றார் கிளைம். "எந்தப் பள்ளிக்கூடம்?"

*

பள்ளிக்கூட வாசலில் காவலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. பதிவேட்டைத் தர மாட்டேன் என்று சொன்னார். தலைமையாசிரியையிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். ஏலம், பள்ளி முழுக்கக் கேட்கும்படி தலைமையாசிரியையை அங்கிருந்தே கூப்பிடவா என்று கேட்டதும் பதிவேடு மேஜைக்கு வந்தது.

வியாழக்கிழமைப் பக்கத்தில், நீல மையில்:

'11.42. மூன்றாம் வகுப்பு மாணவியின் தந்தை. பிள்ளையை அனுப்பும்படி வாக்குவாதம். பள்ளி விட்டுவிட்டது என்கிறார். குடித்திருக்கலாம்.'

"ஒம்போது வருஷ உழைப்பு," என்றான் ஏலம். "கடைசில குடிகாரர் பட்டம்."

கிளைம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். திரும்பி நடக்கும்போது ஏலம்தான் ஆரம்பித்தான்.

"மில் சங்கு ஊதலை. ஆனா இவருக்கு மட்டும் கேட்டிருக்கு. மந்திரமா?"

"தினமும் மூணு மணிக்கு இந்தத் தெருவுல என்னடா நடக்குது? சங்கு ஊதும். ஊதி முடிச்ச கொஞ்ச நேரத்துல பட்டறைல முதல் அடி விழும். முதல்ல சங்கு, அப்புறம் தகரம். வியாழக்கிழமை பதினொன்னு இருபதுக்கும் அதே வரிசைதான்."

ஏலம் நின்றான். "அப்ப அது முந்தின நாள் சங்கு."

"முந்தின நாள் தகரமும். எவனோ ரெண்டையும் பதிவு பண்ணி, மறுநாள் போட்டுவிட்டிருக்கான். தூரத்துச் சங்கு பதிவுல மெல்லிசாத்தான் விழுந்திருக்கும், அதுக்குன்னே காது கொடுத்துத் தூங்கறவருக்கு மட்டும் கேட்டிருக்கு. பட்டறைல அன்னைக்கு ஒரு சுத்தியலும் தூக்கலை."

"அப்ப நம்மாளு தப்பிச்சாரு."

கிளைம் கடிகாரத்தைப் பார்த்தார். நடை வேகமானது.

*

இரண்டு நாற்பது. ஒலி அலுவலர் முன்னதாகவே வந்துவிட்டார். கழுத்தில் மீட்டர், கையில் அரக்கு, நூல், நகராட்சி முத்திரை. மூன்றாம் மாடி அம்மா சொன்னபடி கீழே வந்து எதிர்ப்பக்கம் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

"கதை கேக்க எனக்கு நேரமில்லை," என்றார் அலுவலர்.

"இருபது நிமிஷம் இருக்கே. சும்மாத்தானே நிக்கப் போறீங்க?" என்று பள்ளிப் பதிவேட்டின் போட்டோவைக் கிளைம் நீட்டினார்.

பாய்லர்காரரின் கதையையும் பதிவு பற்றிய சந்தேகத்தையும் சொல்லி முடித்ததும் அலுவலரின் புருவம் லேசாக ஏறியது. கிளைம் அலமாரிக்கு நடந்தார். வரிசையாகப் பத்துக் கூம்புக் குழாய்கள். ஒன்பதில் விரல் அளவுக்குத் தூசி. பத்தாவது துடைத்துப் போட்டது போல் இருந்தது. அதன் வாய் மட்டும் தெருவைப் பார்க்கும் காற்றுத் திறப்பை நோக்கித் திரும்பியிருந்தது. பின்னால், குழாய்களைச் சோதிக்க வைத்திருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி. அதிலிருந்து புது வயர்.

ஏலம் வயரைத் தொட்டுப் பார்த்தான். "இந்த மாதிரிப் பெட்டில நான் பத்து ஊரைக் கூப்பிட்டிருக்கேன். ஒரு போனைச் சொருகி, அலாரம் மணிக்குப் பதிலா இந்தப் பதிவை வச்சாப் போதும். பக்கத்துல ஆளே வேண்டாம்."

"பாத்தீங்களா சார், பாத்தீங்களா!" சின்னவர் அலுவலரின் கையையே பிடித்துவிட்டார். "எவனோ வெளியாள்! எங்களைக் கவுக்கப் பாத்திருக்கான்!"

அலுவலர் கையை உருவிக்கொண்டார். "வெளியாள் வேலைன்னா பதினாலாம் விதி. கேஸ் அவன் மேல. பட்டறைக்கு இந்தக் குத்தம் சேராது. ஆனா ஆள் யாருன்னு சொல்லணும்."

"பூட்டு உடையலை. சாவி ரெண்டு பேர்கிட்ட," என்றார் கிளைம்.

சின்னவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன சார் பேசறீங்க? நானா? என் கடையை நானே மூடுவேனா?"

"நீங்க இல்லை. நீங்களா இருந்தா, பதிவை ஒரு தடவை போட்டுக் கேட்டிருப்பீங்க. ஆரம்பத்துலயே மூணு மணிச் சங்கு இருக்கு. இந்தத் தெருவுல பதினொன்னு இருபதுக்கு அதை ஊத விட்டா மாட்டிக்குவோம்னு குழந்தைக்கும் தெரியும். முதல் வேலையா அதை வெட்டியிருப்பீங்க. இதைப் பண்ணவர் வெட்டலை. ஏன்னா அங்க வெட்டறதுக்கு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியலை."

"புரியலை," என்றார் அலுவலர்.

கிளைம் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அரை நிமிஷம். யாரும் பேசாதீங்க. அந்த மூலையைப் பாருங்க."

மில் சங்கு ஊதியது. காதைத் துளைக்கும் கீச்சுக் குரல். தெருவையே குறுக்காக அறுத்துக்கொண்டு போனது. அலுவலர் முகத்தைச் சுளித்தார். ஏலம் கூடக் காதைப் பொத்தினான். எதிர்ப்பக்கம் மூன்றாம் மாடி அம்மா தலையைத் திருப்பி மில் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

மூலையில் பெரியவர் நிமிரவில்லை. ஈயக் கம்பி கோடு பிசகாமல் வாளியின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது.

சங்கு ஓய்ந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு இன்னொன்று. கறுப்புத் துணிகள் விலகின. தெருவின் வெளிச்சம் மாறியது. பெரியவர் அப்போதுதான் தலையைத் தூக்கி, ஷட்டர் வழியே அந்த ஜன்னல்களை எண்ணுவது போல் பார்த்தார். கம்பியைக் கீழே வைத்தார். சுத்தியலை எடுத்தார். தகட்டில் முதல் அடி விழுந்தது.

இரண்டாவது அடிக்கு ஓங்கியபோதுதான், நான்கு பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

"முப்பது வருஷம் தகரம் அடிச்ச காது," என்றார் கிளைம். "மொத்தையான சத்தம் கொஞ்சம் கேக்கும். கீச்சுச் சத்தம் அவருக்குச் செத்துப்போச்சு. ஜன்னல் திறக்கறதை வச்சுத்தான் அவருக்கு மூணு மணி."

சாக்பீஸை எடுத்து ஒரு தகட்டில் எழுதினார்: 'வியாழக்கிழமை?'

பெரியவர் படித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துப் பட்டடைக்கல் மேல் வைத்தார்.

"நான்தான்."

குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. அதில் வருத்தம் எதுவும் இல்லை.

சின்னவர் போனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு கிளைம் பக்கம் பாய்ந்தார். "உங்களை யாருய்யா கூப்பிட்டது?"

"நீங்கதான்."

"எனக்கு வேலை செய்யத்தான் கூப்பிட்டேன்!"

"யாரு சத்தம் போட்டாங்கன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சு."

அலுவலர் அரக்கை எடுத்தார். "உரிமத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு. சத்தம் போட்டது உரிமையாளர். பதினாலாம் விதி கிடையாது. மூணாவது குத்தம் நிக்குது."

"நில்லுங்க!" சின்னவர் மேஜை இழுப்பறையைக் கவிழ்த்து ஒரு காகிதத்தை உருவினார். "அவன் உரிமையாளரே இல்லை. வியாழக்கிழமை ஆபீஸ்ல விலகல் படிவம் கொடுத்தாச்சு. இதோ அவன் கையெழுத்து. அவன் வெளியாள்!"

எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள். ஏலம்தான் மெல்லக் கேட்டான். அவனுக்கு மெல்ல என்றால் வாசல்வரை.

"விலகறோம்னு அவருக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல எழுத்தர் வாசிச்சுக் காட்டினாரு."

"யாருக்கு?"

சின்னவர் தரையைப் பார்த்தார். "பெரிய ஆர்டர்க்காரன் வந்தா இவன்கிட்ட கத்திக் கத்திப் பேசணும். போறவன் திரும்ப வர்றதில்லை. எத்தனை நாளைக்கு நான் இழுக்கறது?"

பேச்சு தன்னைப் பற்றியது என்று பெரியவருக்குக் காகிதத்தைப் பார்த்தே புரிந்திருந்தது. "புதுப்பிக்கற படிவம்னு சொன்னான். முந்தின வாரமே இழுப்பறைல அதைப் பாத்துட்டேன். எனக்குக் காதுதான் இல்லை."

"தெரிஞ்சே எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்ட அலுவலர், உடனே நினைவு வந்து, கையால் எழுதுவது போல் காட்டினார்.

"நீட்டின இடத்துல போட்டேன். மூடப்போற கடைல என் பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அலுவலர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் நகராட்சியின் வட்ட முத்திரை. தேதிக்குக் கீழே நேரம்.

"பன்னிரண்டு அஞ்சு," என்றார்.

"அதனால என்ன?"

"கவுன்ட்டர் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. நான் மீட்டர் வச்சது பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு. அந்த நேரத்துல இவர் உரிமையாளர்தான்."

சின்னவர் காகிதத்தைப் பிடுங்கி முத்திரையைப் பார்த்தார். அரை மணி நேர வித்தியாசம் அங்கே எழுதியிருந்தது. அதை எந்தச் சட்டமும் அழிக்காது. முகம் பழுத்துச் சிவந்தது. அண்ணனுக்கு முன்னால் போய் நின்று, வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினார். அலுவலரின் மீட்டரில் முள் துடித்தது. மணி மூன்றைத் தாண்டியிருந்ததால் அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் மூன்றாம் மாடி அம்மா கட்டிய கையை அவிழ்த்தாள். கை தட்டாமல் மாடிப்படி ஏறிப் போனாள்.

பெரியவர் தம்பியின் உதடுகளைப் பார்த்தார். பிறகு கிளைமைப் பார்த்தார்.

"என்ன சொல்றான்?"

"விடுங்க மாமா," என்றான் ஏலம். "எழுதாதீங்க."

கிளைம் சாக்பீஸை எடுத்தார். செத்தால் கொள்ளி வைக்க வர மாட்டேன் என்பதிலிருந்து, இன்று ராத்திரி வீட்டுப் படி ஏறக் கூடாது என்பதுவரை, சின்னவர் சொன்னதைச் சொன்னபடியே தகட்டில் எழுதினார். ஒரு வார்த்தையையும் மழுப்பவில்லை.

பெரியவர் நிதானமாகப் படித்தார். சாக்பீஸை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே 'சரி' என்று எழுதினார். தன் சாவியைக் கழற்றி அலுவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

அந்தத் தகட்டையும் உள்ளே வைத்துத்தான் ஷட்டரை இறக்கினார்கள்.